ஓகே சீட் வந்துவிட்டது, பதிவு வந்ததா?

மட்டக்களப்பில் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதும் ஒரு நொத்தாரிசிடம் இருபத்தேழு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். உறுதி தட்டச்சு செய்ததும், காணிப் பதிவகத்துக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனதும், பெக்ஸ் (தொலைநகல்) மெசினுக்கு முன்னால் நின்று வியர்த்ததும் அங்கேதான். சட்டத்தரணி அல்ல, வழக்குவரை போன விசயம் என்றால் அவர்களிடம் போங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெக்ஸும் காணிப் பதிவும் சேர்ந்து வருகிறவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லடி: அண்ணன், பத்து பேர்ச் வளவு ஒன்று வாங்கி அறுதி உறுதி (விற்பனை உறுதி) எழுதி இரண்டு கிழமை ஆகிறது. கொமினிகேசன் கடை ஒன்றில் கொடுத்து உறுதி முழுவதையும் காணிப் பதிவகத்துக்கு பெக்ஸ் பண்ணினேன். பெக்ஸ் போனது என்று மெசின் அடித்துத் தந்த ஓகே சீட்டும் கையில் இருக்கிறது. பதிவு முடிந்ததுதானே?

இல்லை தம்பி. உங்கள் மெசினும் அங்குள்ள மெசினும் பேசிக்கொண்டன, இத்தனை பக்கம் போனது. ஓகே சீட்டில் உள்ளது அவ்வளவுதான். அதை யார் எடுத்தார், வாசிக்க முடிந்ததா, எந்தக் கோப்பில் செருகினார் என்பதெல்லாம் அதில் இல்லை.

பதிவு என்றால் மூல உறுதியே பதிவகத்துக்குப் போக வேண்டும். அது வந்த நாளும் வரிசையும் குறிக்கப்பட்டு, அந்தக் காணிக்குரிய ஏட்டில் எழுதப்பட்டு, தொகுதி எண், ஏட்டு எண், திகதி, பதிவாளரின் கையொப்பம் இவ்வளவும் உறுதியில் ஏறித் திரும்ப வரும். உங்கள் உறுதியில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் நாளைக்குக் காலையில் நொத்தாரிசிடம் போய், "மூலப்பிரதியைப் பதிவுக்குப் போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். இதே சொற்களில் கேளுங்கள், காரணம் சொல்கிறேன்.

நொத்தாரிசு ஓர் உறுதியை மூன்று பிரதியாக எழுதுவார். மூலம் உங்களுக்கு, புரோட்டோகோல் அவருடைய பெட்டகத்துக்கு, முத்திரைத் தீர்வை ஏறிய டூப்ளிகேட் பதிவகத்துக்கு. ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் டூப்ளிகேட்டுகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் அவர் அனுப்பியாக வேண்டும். 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "கந்தோருக்குப் போயிற்று" என்று அவருடைய ஆட்கள் சொல்வது பல நேரம் இந்த டூப்ளிகேட்டைத்தான். அது கோப்புக்குப் போவது. உங்கள் உறுதி பதிவாவது வேறு வேலை.

இதில் நாள் ஏன் முக்கியம்? 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவைச் சும்மா பேச்சில் சொன்னால் இதுதான்: அதே காணியை விற்றவர் உங்களுக்குப் பிறகு இன்னொருவருக்கும் எழுதி, அந்த ஆள் காசு கொடுத்து வாங்கித் தன் உறுதியை உங்களுக்கு முந்திப் பதிந்துவிட்டால், முதலில் எழுதிய உங்கள் உறுதி அவருக்கு எதிராகச் செல்லாது. மோசடி, கூட்டுச்சதி என்று நிரூபித்தால் கதை மாறும். அதை நிரூபிக்கிற பாடு உங்கள் தலையில்.

எங்கள் கந்தோரிலேயே கண்டது: ஒரு மனுசன் உறுதியைச் சாமிப் படத்துக்கு முன்னால் எட்டு மாதம் வைத்திருந்தார். நல்ல நாள் பார்த்துப் பதியப் போகிறாராம். அதற்குள் விற்றவர் இன்னொரு இடத்தில் இன்னொரு உறுதி எழுதிவிட்டார். இரண்டாவது வாங்கியவர் நாள் பார்க்கவில்லை.

களுவாஞ்சிக்குடி: அப்படியென்றால் பெக்ஸ் எதற்குத்தான் உதவும்?

கேட்பதற்கு, நினைவூட்டுவதற்கு, நேரத்தைச் சேமிப்பதற்கு. ஏட்டு எண் சரியா என்று விசாரிக்கலாம். கடிதம் ஒன்று தபாலில் வருகிறது என்று முன்கூட்டியே தெரிவிக்கலாம். ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரிடம் விபரம் கேட்டு அனுப்புவதும் உண்டு. கையொப்பமும் முத்திரையும் மூலமாக இருக்க வேண்டிய எதுவும் அதில் ஏறாது. பெக்ஸ் போன கையோடு மூலத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள், கடிதத்தில் "தொலைநகலில் இன்ன திகதி அனுப்பியது" என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே கடிதம் இரண்டு கோப்பாகி, இரண்டு மேசையில் படுத்துக்கொள்ளும்.

அக்கரைப்பற்று: நானா, இரண்டு தரம் அனுப்பியும் "தெளிவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். மெசினில் பிழையா, என்னில் பிழையா?

பெரும்பாலும் தாளில் பிழை. நம்முடைய உறுதிகள் ஏ4 அல்ல, அதைவிட நீளமான தாள். சில மெசின் அதைச் சுருக்கும், சில மெசின் அடியை வெட்டும். அடியில் இருப்பது என்ன? கையொப்பங்களும் சாட்சிகளும். முதலில் நல்ல போட்டோக் கொப்பிக் கடையில் ஏ4 ஆகச் சுருக்கி எடுத்து, அந்தக் கொப்பியை அனுப்புங்கள். மூலத்தை மெசினுக்குள் விடவே வேண்டாம். உருளையில் மாட்டிக் கிழிந்த உறுதியை ஒட்டித் தரச் சொல்லி எங்களிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

மெசினில் 'ஃபைன்' என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். சாதாரண நிலையில் மேலிருந்து கீழாக உள்ள புள்ளிகள் பாதிதான் போகும். தமிழ் எழுத்தில் புள்ளியும் சுழியும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அடையாள அட்டை எண்ணில் 3 உம் 8 உம் ஒன்றாகும். இதைவிட மோசமானது பரப்பு. 'ஏ0 ஆர்1 பி20' என்றால் ஏக்கர் இல்லை, ஒரு றூட் இருபது பேர்ச். ஒரு றூட் 40 பேர்ச், ஆகவே மொத்தம் 60 பேர்ச். அந்த முதல் பூச்சியம் மசிந்து 1 ஆகத் தெரிந்தால் ஓர் ஏக்கர் கூடுகிறது. பரப்பையும் எண்களையும் முகப்புத் தாளில் எழுத்திலும் எழுதிவிடுங்கள்.

நில அளவை வரைபடத்தை பெக்ஸில் அனுப்பவே அனுப்பாதீர்கள். சுருங்கிப் போனால் அளவுத்திட்டம் பொய்யாகிவிடும், எல்லைக் கோட்டில் பாதி காணாமல் போகும். வரைபட இலக்கம், திகதி, நில அளவையாளர் பெயர், துண்டு எண், இந்த நாலையும் எழுதினால் போதும்.

மை இல்லாமல் தாளில் மேடாக எழும்பும் அழுத்து முத்திரை பெக்ஸில் விழவே விழாது. முத்திரை இல்லை என்று அவர்கள் சொன்னால் கோபப்பட வேண்டாம். அவர்கள் கையில் இருக்கும் தாளில் அது உண்மையிலேயே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அனுப்பும் மெசின் திகதியும் நேரமும் அச்சடிக்கும். ஒரு கொமினிகேசனில் மின்சாரம் போய் வந்த பிறகு யாரும் திகதி மாற்றவில்லை. நாங்கள் அனுப்பிய கடிதம் 2000 ஜனவரி 1 என்று போய்ச் சேர்ந்தது. அதை விளங்கப்படுத்த இன்னொரு கடிதம் எழுதினோம். அனுப்ப முன் மெசினின் சின்னத் திரையை ஒருக்கால் பாருங்கள்.

திருக்கோவில்: ஐயா, நான் அம்பாறைக்கு அனுப்பியது கல்முனைக்குப் போக வேண்டியது என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

காணி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குரிய பதிவகம்தான் கணக்கு. நீங்கள் இருக்கும் இடமோ நொத்தாரிசின் இடமோ அல்ல. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறையிலும் கல்முனையிலும் பதிவகம் உண்டு. முந்தைய உறுதியில் உள்ள பதிவுக் குறிப்பைப் பார்த்தால் எந்தப் பதிவகம் என்று எழுதியிருக்கும். மிகப் பழைய உறுதியில் மட்டக்களப்பு என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், 1961 வரை அது ஒரே மாவட்டம். தொலைபேசிக் குறியீட்டையும் கவனியுங்கள்: மட்டக்களப்பு 065, அம்பாறை 063, கல்முனை 067. ஓர் இலக்கம் மாறினால் உங்கள் குடும்பக் கதை யாரோ ஒருவர் வீட்டு மெசினில் வந்து விழும்.

லண்டனில் இருந்து, சொந்த ஊர் ஆரையம்பதி: தங்கச்சிக்கு வீட்டை எழுதிக்கொடுக்க அற்றோணித் தத்துவம் (எனக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒப்பமிட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். நொத்தாரிசு ஏற்கிறார் இல்லை. இந்தக் காலத்திலுமா இப்படி?

அவர் செய்தது சரி. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வடிவ ஆவணங்களுக்கு இடம் கொடுத்தபோதே அற்றோணித் தத்துவத்தையும் அசையா ஆதன விற்பனையையும் வெளியே நிறுத்திவிட்டது. காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து வரும் சட்டம். வெள்ளைக்காரன் போட்டதுதான், அவன் நாட்டில் இருந்துகொண்டு நீங்கள் கோபிக்கிறீர்கள்.

லண்டன் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் ஒப்பமிட்டு அத்தாட்சிப்படுத்தி, மூலத்தைக் கூரியரில் அனுப்புங்கள். இங்கே வெளிநாட்டமைச்சின் கொன்சூலர் பிரிவில் உறுதிப்படுத்திப் பதிவு செய்த பிறகுதான் அதைப் பாவிக்கலாம். ஆனால் ஸ்கேனை முதலில் அனுப்பியது நல்ல வேலை. ஒப்பமிட முன்னரே வரைவை நொத்தாரிசுக்கு அனுப்பி, காணி விபரம் சரியா, "நன்கொடையாகக் கொடுக்க" என்ற அதிகாரம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்க அதிகாரம் கொடுத்தால் நன்கொடைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்துவிடும் என்பதால் வயதானவர்களின் விசயத்தில் ஆறப்போட வேண்டாம்.

கொக்கட்டிச்சோலை: ஐயா, அப்பாவின் வயல் அரசாங்க பேர்மிட் காணி. அவர் ஆஸ்பத்திரியில். அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று காட்டும் பின்னுரித்தாளர் படிவத்தை ஒப்பமிட்டு பெக்ஸில் அனுப்பினால் போதுமா?

போதாது மகள், இதில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பின்னுரித்தாளரை நியமிக்கிற ஆவணம் அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பம் உயிரோடு இருக்கையில் விழுந்து, பதிவு மரணத்துக்குப் பிறகு என்றால் அந்த நியமனம் செல்லாது. பெக்ஸ் போன நேரம் கணக்கில் வராது. யாராவது ஒருவர் அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு நேரே போங்கள். அப்பா எழுந்து வர முடியாது என்பதை அங்கே சொல்லி, ஒப்பத்தை எப்படி எடுப்பது என்று கேளுங்கள். பிறகு அந்தத் தாள் காணிப் பதிவகத்தில் ஏறும்வரை பின்னாலேயே திரியுங்கள்.

நியமனம் இல்லாமல் போனால் அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது அவர் உயிரோடு இருக்கும்வரை உள்ள உரித்து, அதன் பிறகு சட்டத்தின் அட்டவணைப்படி போகும். 2022 திருத்தத்துக்கு முன் அந்த அட்டவணையில் ஆண் பிள்ளைதான் முந்தி. வீடு வளவு பெண் பிள்ளைக்கு என்று தாய்வழியில் கொடுத்துப் பழகிய நம் ஊருக்கு இது தலைகீழ். குடியேற்றக் காணிகளில் அக்காமாரும் தம்பிமாரும் முகம் பார்க்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவென்பது என் அபிப்பிராயம்.

ஏறாவூர்: உறுதியில் கிழக்கு எல்லை பிழையாக விழுந்துவிட்டது. திருத்தச் சொல்லிக் கடிதம் பெக்ஸ் பண்ணலாமா?

கடிதத்தால் உறுதி திருந்தாது. நொத்தாரிசிடம் திருத்த உறுதி எழுதி அதையும் பதிய வேண்டும்.

வாழைச்சேனை: பதிவேட்டுப் பிரதி கேட்டு அனுப்பிய பெக்ஸுக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை.

முதலில் போன் எடுத்து வந்ததா என்று கேளுங்கள். பைபர் இணைப்புக்கு மாறிய தொலைபேசிகளில் பெக்ஸ் பாதியில் அறுபடுவது சாதாரணம். உரிய படிவமும் கட்டணமும் இல்லாமல் எக்ஸ்ட்ராக்ட் (பதிவேட்டுப் பிரதி) வராது, கட்டணத்தை பெக்ஸில் கட்ட முடியாது. தொகுதி எண்ணும் ஏட்டு எண்ணும் கையில் இருந்தால் தேடுவது சுலபம். நேரில் கொடுத்தும் இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிக்கிற தொனி வேண்டாம். எண், திகதி, கேள்வி, அவ்வளவு போதும்.

நாவலடி: சுனாமியில் வீட்டோடு உறுதியும் போனது. அம்மா இப்போதுதான் பேச்செடுக்கிறா. எந்த எண்ணும் ஞாபகம் இல்லை. எங்கே தொடங்குவது?

உறுதி போகவில்லை தங்கச்சி, உங்கள் பிரதிதான் போனது. டூப்ளிகேட் பதிவகத்தில் இருக்க வேண்டும், புரோட்டோகோல் நொத்தாரிசிடம். அவர் காலமாகியிருந்தால் அதுவும் பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும். எண் இல்லையென்றால் அம்மாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் எழுதினது, கலியாணத்துக்கு எத்தனை நாள் முன்னம் எழுதினது? சீதன உறுதி என்றால் பெரும்பாலும் கலியாணத்தை ஒட்டித்தான் எழுதியிருப்பார்கள். நொத்தாரிசு மாதாமாதம் பதிவகத்துக்குக் கொடுத்த பட்டியலில் அந்த மாதத்தைத் தேடலாம். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியை வாங்கிப் பாருங்கள், எல்லையில் உங்கள் அம்மா பெயர் இருக்கும். வங்கியில் ஈடு வைத்திருந்தால் அங்கேயும் ஒரு கொப்பி கிடக்கலாம்.

சுனாமிக்கு அடுத்த வருடம் இப்படி ஓர் அம்மாவுக்காக நான் பதிவகத்தில் இரண்டு நாள் குந்தியிருந்தேன். மூன்றாம் நாள் உறுதிப்படுத்திய பிரதி கிடைத்தது. அதில் 'ற' எழுத்து எல்லா இடத்திலும் வரியை விட்டுச் சற்று மேலே ஏறி நின்றது. எங்கள் கந்தோர்த் தட்டச்சு மெசினில் நான் எத்தனையோ தரம் திட்டிய அதே எழுத்து.