மலை இறக்கமும் பிரேக்கும்: கேள்வி பதில்

நீலகிரியில் வண்டி ஓட்டுபவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கேட்டவை. பதில் சொல்பவர் குன்னூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சார், குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறப்ப நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்னு சொல்றாங்க. போடலாமுங்களா? (டாக்சி ஓட்டுநர்)

போடாதீங்க. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330. ஆயிரம் கிலோ காரை அந்த 1,500 மீட்டர் கீழே இறக்கினால் ஈர்ப்பு விசை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஜூல் ஆற்றலைக் கையில் கொடுத்துவிடும். நாற்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அடிவாரத்தில் வண்டி நிற்க வேண்டுமானால் அவ்வளவும் எங்காவது போய்த் தீர வேண்டும். நியூட்ரலில் காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சம் எல்லாம் பிரேக் தலையில்தான்.

பிரேக் அளவுக்கு மிஞ்சிச் சூடானால், சக்கரத்தை உரசிப் பிடிக்கும் லைனிங்கின் உராய்வு குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் இழுத்தபின் அந்த வரம்பு 155தான். நம் ஊர் மழைக்கு, பழைய ஆயிலை நம்பி இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் கணக்கும் தப்பு: இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட பெட்ரோல் வேண்டும்.

கேரட் லோடு ஏத்துன லாரி, காலி லாரியை விட வேகமா உருளுமா?

கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். எடை கூடினால் இழுக்கும் விசை கூடுகிறது, நகர்த்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. ஆனால் எடை இரண்டு மடங்கானால் பிரேக்கில் வரும் சூடும் இரண்டு மடங்கு. பிரேக் டிரம் மட்டும் அதேதான். லோடு வண்டிக்கு ஆபத்து அங்கே இருக்கிறது.

ஊட்டி ரயில் பாதையில் நடுவில் பல் வைத்த பட்டை எதற்கு, தாத்தா? (ஆறாம் வகுப்பு)

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம் வரும், கண்ணு. எஞ்சின் 50 டன், பெட்டிகள் 60 டன் என்று வைத்துக்கொள். ஏற்றத்துக்கு மட்டும் மொத்த எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 9 டன் விசையால் தள்ள வேண்டும். இரும்புச் சக்கரத்துக்கு நனைந்த தண்டவாளத்தில் எஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு பிடிமானம் கிடைத்தாலே பெரிது. அதாவது 5 டன். சக்கரம் அங்கேயே சுற்றும். அதனால்தான் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த பல்பட்டை. எஞ்சினின் பல்சக்கரம் அதில் கவ்வி ஏறும். இறக்கத்திலும் அதுவே பிடிக்கும். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுவதைப் பார்த்திருப்பாய். 1899-இல் குன்னூர் வரை ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908-இல். குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவு, பல் வேண்டாம்.

கல்லட்டி வளைவுகளில் மழைக்கு எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தச் சாலையில் மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவு. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில், காய்ந்த ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் டயர் வழுக்கும். நனைந்த ரோட்டில் 22-லேயே. இது எல்லை. ஓட்டும் வேகம் இதற்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். வேகம் இரட்டித்தால் வேண்டிய பிடிமானம் நான்கு மடங்கு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக் அழுத்தினால் இருக்கிற கொஞ்சப் பிடிமானத்தையும் அது பங்கு கேட்கும்.

தள்ளுவதை நிறுத்தினால் பொருள் நின்றுவிடுகிறதே, அப்புறம் நியூட்டன் விதி? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

வேறு விசை படாதவரை ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் அந்த விதி. நிறுத்துவது உராய்வு, அம்மா. கேரம் போர்டில் பவுடர் போட்டும் போடாமலும் அடித்துப் பார். காயை யாரும் தள்ளிக்கொண்டே போகவில்லை, ஆனாலும் தூரம் மாறும்.

தொட்டபெட்டா உச்சியில் எடை குறையுமா?

குறையும். 2,637 மீட்டர் உயரத்தில் 60 கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம்கூடக் குறையாது. தராசில் தெரியவே தெரியாது, எடைக்கல்லும் சேர்ந்தே குறைகிறதே.