மருந்துப் பெட்டி: ஒரே மருந்து, இரண்டு அட்டை

(34 வருடம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டையிலிருந்து வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எனக்கு வயது 66. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒன்பது மாதம் முன்னால் இடது விலாவில் அக்கி வந்தது. வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டேன். கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் ஆறவில்லை. ரவிக்கை பட்டாலே கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. நரம்பு டாக்டர் ஒரு மாத்திரையும், தோள்வலிக்குப் பார்த்த எலும்பு டாக்டர் ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ராத்திரிக்கு. அதற்கும் கேட்காத நாளில் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். இப்போது தலை சுற்றுகிறது. போன வாரம் பாத்ரூமில் விழப் பார்த்தேன். “இது வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையாம், உடனே நிறுத்து” என்கிறான் மகன். அட்டைகளை வைத்து அனுப்பியிருக்கிறேன். நிறுத்தலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மணப்பாறை

பதில்: அக்கா, காலி அட்டையைக் குப்பையில் போடாமல் கடிதத்தோடு வைத்து அனுப்பினீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். இரண்டும் வேறு வேறு. பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முதல் அட்டையில் நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் 75 மில்லிகிராம், கூட மெத்தில்கோபாலமின் என்கிற பி12 வைட்டமின். இரண்டாவதில் ப்ரீகாபலின் 75, கூட நார்ட்ரிப்டிலின் 10.

ஆக, ஒரே மருந்தை இரண்டு பெயரில் தினம் ராத்திரி விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 150 என்பது யாருக்குமே கொடுக்காத அளவு இல்லை. ஆனால் அதை ஒரு டாக்டர் தெரிந்து கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு பேருக்கும் மற்றவர் எழுதிய சீட்டு தெரியாது.

கடையில் வாங்குகிற வலி மாத்திரை டைக்ளோஃபினாக் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ப்ரீகாபலின் கல்லீரலில் கரைகிற மருந்து இல்லை. ஏறக்குறைய முழுசாகச் சிறுநீரில்தான் வெளியேறும். டைக்ளோஃபினாக் கெடுப்பதோ அந்தச் சிறுநீரகத்தை. வெளியே போகிற வாசல் குறுகினால் மருந்து உள்ளேயே தேங்கும். தலைசுற்றல், தள்ளாட்டம், கால் வீக்கம் எல்லாம் கூடும். இத்தனைக்கும் நரம்பு எரிச்சலுக்கு அந்த மாத்திரையால் பெரிய பிரயோஜனம் கிடையாது. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டவள். எனக்கும் அக்கிதான், வலது விலா, நான்கு வருடம் ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ரெண்டு நாள்தானே என்று அசட்டையாக இருந்தேன். இரண்டு ராத்திரியும் பொட்டுத் தூக்கமில்லை. வேர்த்துக் கொட்டியது, குமட்டியது, நெஞ்சு படபடத்தது, எரிச்சல் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. முகூர்த்த நேரத்தில் மண்டபத்துப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். “திடீரென்று நிறுத்தக் கூடாதும்மா” என்று கவுன்டரில் நின்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான்! ப்ரீகாபலினைக் குறைப்பதென்றால் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்தப் படி, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாத முடிவு வரை காத்திருக்காதீர்கள். விழப் பார்த்தேன் என்பது சின்ன விஷயமில்லை. நாளைக்கே ஒரு மஞ்சப்பையில் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, லேகியம் உட்பட வீட்டில் இருக்கிற அத்தனையையும் போட்டு நரம்பு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். “இது ரெண்டும் ஒரே மருந்தா சார்?” என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். நார்ட்ரிப்டிலின் இருப்பதால் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் தடைப்படுவது, நெஞ்சுக் கோளாறு எது இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இனிமேல் வலிக்கு அவர் ஒருவர்தான் சீட்டு எழுத வேண்டும். அதுவரை ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருபது எண்ணிவிட்டு நில்லுங்கள். பாத்ரூம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். கரண்ட் பில்லை மகன் கட்டட்டும்.

அந்த மகனிடம், அவர் சொன்னது பாதி சரி என்று சொல்லுங்கள். ப்ரீகாபலினுக்கு அண்ணன் முறையான கபாபென்டின் 1993-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியபோது வலிப்பு மருந்துதான். அக்கிக்குப் பிந்தைய வலிக்கு என்று அதே மருந்துக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. நார்ட்ரிப்டிலின் வகை மனச்சோர்வுக்கு வந்தது. நமக்குக் கொடுப்பது வலிப்புக்கும் இல்லை, மனசுக்கும் இல்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி போகவே போகாது. நரம்பு வேரில் படுத்துக் கிடக்கும். வயதாகி உடம்பு தளரும்போது எழுந்து ஒரே ஒரு நரம்பின் வழியாக வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கமாகப் பட்டை போட்ட மாதிரி வருகிறது. போகும்போது அந்த நரம்பைக் கெடுத்துவிட்டுப் போகும். பிறகு வாசலில் ஆளே இல்லாமல் காலிங்பெல் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த பெல்லின் சத்தத்தைத்தான் இந்த மருந்துகள் குறைக்கின்றன.

குறைக்கும் என்றுதான் சொல்கிறேன். எட்டு இருந்த வலி நாலுக்கு வந்தால் டாக்டர்கள் கையைக் குலுக்குவார்கள். பூஜ்யம் ஆகவில்லையே என்றுதான் நாம் இரண்டாவது டாக்டர், மூன்றாவது அட்டை என்று போகிறோம். நானும் போனேன்.

எனக்கு உதவியது பால் கணக்குக் காலண்டர். கட்டத்தின் மேல்பாதியில் பால், கீழ்பாதியில் அன்றைய வலிக்குப் பத்துக்கு ஒரு எண், மாத்திரை மாறிய தேதியில் ஒரு வட்டம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று டாக்டருக்கே காட்டலாம். ஒரு மாதம் எங்கள் வீட்டுக்காரர் என் வலியையும் பாலோடு சேர்த்துக் கூட்டிப் பால்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். அதிலிருந்து வலிக்குச் சிவப்பு மை.

ரவிக்கை விஷயம்: பல தடவை துவைத்து நைந்த மல் துணியில், தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள். டெய்லர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். லேசாக உரசுவதுதான் எரியும். ஒட்டினாற்போல் இருந்தால் அவ்வளவு எரியாது. நான் உள்ளே பழைய கைவைத்த பனியன் போட்டுக்கொள்கிறேன்.

காவி எழுதியதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காவி குளிர்ச்சி, வேளார் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அக்கிக்குள்ள ஏசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அது பின்னால் வந்த வலியைத் தடுத்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அக்கியின் உக்கிரத்தைக் குறைத்திருக்கும். உங்கள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ வந்தால் முதலில் டாக்டர், பிறகு வேளார்.

கேள்வி: முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் நரம்பு வலி. முன்பு டிரமடால் வலி மாத்திரை கேட்டால் கொடுத்த கடைக்காரர் இப்போது பழைய சீட்டைக் காட்டினாலும் மறுக்கிறார். நான் என்ன போதைக்கா கேட்கிறேன்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இல்லை அண்ணாச்சி. ஆனால் 2018-இல் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மறுத்தவர் நல்ல கடைக்காரர், அவரை விட்டுவிடாதீர்கள். புதுச் சீட்டு வாங்கும்போது வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ப்ரீகாபலினோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சும் மந்தமாகலாம். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் வலிப்பு வரக்கூட வாய்ப்புண்டு. ராத்திரி ஒரு கட்டிங் என்ற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

கேள்வி: மிளகாயிலிருந்து எடுத்த களிம்பு நரம்பு எரிச்சலுக்கு நல்லதாமே? எரிகிற இடத்தில் மிளகாயா?
– வாசகி, தேனி

பதில்: கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். நரம்பு முனையில் அதை உணர்கிற புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தினமும் பூசப் பூச அந்த முனை சலித்துப்போய் அடங்கிவிடும் என்பதுதான் கணக்கு. முதல் சில நாள் கூடுதலாக எரியும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். புண் முழுசாக ஆறிய தோலில் மட்டும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பூசலாம். சமையலறை மிளகாயை அரைத்துப் பூசுகிற வேலை வேண்டவே வேண்டாம். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான் ஒரு நாள் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன். அரைமணி நேரத்துக்கு விலா எரிச்சல் சுத்தமாக மறந்துபோனது உண்மைதான். அதை யாரும் வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.