உத்தராகண்ட் மலைக்கிராமங்களில் இருக்கும் ‘கராட்’ என்ற தண்ணீர் மாவு ஆலை எப்படி ஓடுகிறது?

தில்லித் தமிழர்கள் மலைப்பக்கம் போனால் அவசியம் பார்க்க வேண்டியது இது. ஓடையிலிருந்து பிரித்த வாய்க்கால் நீர் சரிவான மரத்தூம்பு வழியே பாய்ந்து, படுக்கைவாட்டில் இருக்கும் சக்கரத்தின் இறக்கைகளில் மோதுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சுத்தான் மாவரைக்கும் மேல்கல்லையும் சுழற்றுகிறது; பல்சக்கரமே கிடையாது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியரான விட்ரூவியஸ் விவரித்த ஆலைக்கு அது தேவைப்பட்டது!

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு குச்சி. சுழலும் கல்லின் மேல் உராய்ந்து துள்ளும் அது, தானியக் கூடையை ஆட்டிக் கோதுமையைச் சிந்தவைக்கிறது. கல் வேகமெடுத்தால் தானியமும் கூடுதலாக விழும். என்ன அருமையான யோசனை! மெதுவாக அரைபடுவதால் மாவு அதிகம் சூடேறாது. அரைப்பவருக்குக் கூலி, மாவிலேயே ஒரு பங்கு.

டீசல், மின்சார ஆலைகள் வந்தபின் பல கராட்கள் நின்றுபோயின. டேராடூனின் ஹெஸ்கோ என்ற தன்னார்வ அமைப்பு சிலவற்றைச் சீரமைத்து, மின்சாரமும் எடுக்க வழிசெய்தது.