2008 மாருதிக்கு ஃபுல் கவர் தேவைதானா?

கேள்வி: பொள்ளாச்சியில் இருந்தபோது வாங்கிய 2008 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். டி.என். 41 நம்பர். 2023இல் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் இன்சூரன்ஸ் முடிந்தது. ஆன்லைனில் ஃபுல் கவர் (நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து) கேட்டால் வண்டி பழசு என்று தள்ளிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, 15 வருடம் தாண்டினால் உடைக்கத்தான் போடணும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது டெல்லி சங்கதி. பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 என்ற வயது வரம்பு டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ ஆர்.சி. செல்லுபடியாக இருக்கும் சொந்தக் காரை வயதைச் சொல்லி யாரும் உடைக்கச் சொல்ல முடியாது.

முதல் வேலையாக இன்றைக்கே தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான காப்பீடு, எடுங்கள். அது வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000. அதுகூடப் பெரிதில்லை, யார் மீதாவது வண்டி மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். உங்கள் 800 சிசி வண்டிக்கு 2022 ஜூனில் வந்த கட்டணப்படி தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி.யும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடும் தனி. வண்டியின் வயது எதுவானாலும், நம்பர் எந்த மாநிலத்தது ஆனாலும் இதே கட்டணம்தான். ஆய்வும் கிடையாது.

ஃபுல் கவர் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஐந்து வயதுக்கு மேல் வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பேச்சுக்கு 50,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து வயது தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதிதான். கதவும் பம்பரும் சேர்ந்து 12,000 ஆனால் 6,000. அதில் கட்டாயக் கழிவு 1,000 போக பாகங்களுக்கு உங்களுக்கு வருவது 5,000. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' கவர் எல்லாம் இந்த வயது வண்டிக்குக் கிடைக்காது.

ஏஜென்ட்டுகள் வாய் திறக்காத இன்னொன்று இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' கணக்கில் சேர்ப்பார்கள், அதாவது ரிப்பேர் செய்யாமல் ஐ.டி.வி.யை வைத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். 50,000 ஐ.டி.வி. என்றால் 37,500 ரூபாய் பில்லே போதும். முன்பக்கம் நன்றாக அடிபட்டால் இன்றைய ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும். ஓடக்கூடிய வண்டியைப் பறிகொடுக்க நாமே பிரீமியம் கட்டுவதா? அந்தப் பணத்தை பிரேக், டயர், பழைய ஒயரிங் என்று செலவழிப்பதே மேல். பயம் தெளியவில்லை என்றால், தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டுக்கு மட்டும் கவர் தருவார்களா என்று பொதுத்துறை கம்பெனிக் கிளையில் நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் உங்கள் டி.என். நம்பரில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே நம்பர் மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் கையில் வந்ததும் பொள்ளாச்சி ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். அப்புறம் உங்கள் பக்கத்துச் சித்தூர் (பாலக்காடு மாவட்டம்) ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது நம்பருக்குப் படிவம் 27. கேரள வரி, பசுமை வரி எவ்வளவு என்று அங்கே முதலிலேயே கேட்டுவிடுங்கள். வண்டியை வைத்துக்கொள்வதா, பொள்ளாச்சிப் பக்கமே விற்றுவிடுவதா என்பதை அந்தத் தொகைதான் தீர்மானிக்கும். 2028இல் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது வண்டி 20 வயதைத் தாண்டினால் கட்டணம் 10,000 ரூபாய் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2025 ஆகஸ்டில்தான் அதை 5,000இலிருந்து ஏற்றினார்கள். கே.எல். 70 நம்பர் வந்ததும் பாலிசியிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. கார் அவர் பெயரிலேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன். போதாதா? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: போதாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 31. நீங்கள் பிரீமியம் கட்டும் அந்த 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் மூன்றையும் தயார் செய்துகொண்டு ஆபீஸுக்குப் போங்கள். ஆர்.சி. பெயர் மாறியதும் அதே வாரத்தில் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.