செக் தீற்றாவும் வெட்டுக்கோடும் ஒண்டா, வேற வேறயா?

திரிகோண கணிதத்தில வாற சீக்கனுக்கும் (சுருக்கமா செக்) வகையீடு தொடங்கக்குள்ள வாற சீக்கன் கோட்டுக்கும் (வெட்டுக்கோடு) ஒரே பேர், ரெண்டுக்கும் என்ன சொந்தம் எண்டு கேட்டிரிக்கிறீங்க தம்பி. மட்டக்களப்பில ஏ/எல் படிக்கக்குள்ள நானும் இதத்தான் கேட்டன், டியூசன் சேர் ‘அதெல்லாம் பேப்பருக்கு வராது, சூத்திரத்தப் பாடமாக்கு’ எண்டுட்டாரு. இப்ப வீட்டில நாலைஞ்சு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறன், அதுகளும் இதத்தான் கேக்குதுகள்.

சொந்தம் இரிக்கு. லத்தீன்ல செகாரே எண்டா வெட்டுறது, அதுல இருந்து வந்த பேர். 1583ல தோமஸ் ஃபின்கே எண்ட டென்மார்க்காரர்தான் தன்ட புத்தகத்தில சீக்கன், தாஞ்சன் (சுருக்கமா டான்) எண்ட ரெண்டு பேரையும் போட்டவர்.

ஆரை 1 வாற மாதிரி கவராயத்தால ஒரு வட்டம் கீறுங்க. வலது ஓரத்தில வட்டத்தத் தொட்டுக்கொண்டு நேரா மேல போற மாதிரி ஒரு தொடலி (தொடுற கோடு). இப்ப மையத்தில இருந்து, கிடைக்கோட்டுக்குத் தீற்றா கோணத்தில ஒரு கோடு இழுத்தா அது வட்டத்த வெட்டிக்கொண்டு வெளிய போய் தொடலியில முட்டும், மையத்தில இருந்து முட்டின இடம் வரைக்கும் உள்ள நீளம்தான் செக் தீற்றா, தொடலியில எவ்வளவு உயரத்தில முட்டிச்சோ அது டான் தீற்றா. அடி 1, நிக்கிற பக்கம் டான், செம்பக்கம் செக். பைதகரஸ் போட்டா செக் வர்க்கம் = 1 + டான் வர்க்கம், இதில பாடமாக்க என்ன கிடக்கு? கூர்ங்கோணத்துக்கு செக் 1ஐ விடக் குறையாது எண்டதும் படத்திலயே தெரியும், வட்டத்த வெட்டி வெளிய போன கோடு ஆரையை விடக் கட்டையா இரிக்க ஏலாதுதானே. 90 பாகையில கோடு தொடலிக்குச் சமாந்தரமாப் போயிரும், முட்டவே முட்டாது, அதான் பெறுமானம் இல்ல.

ஒரு விசயம், கல்குலேட்டர்ல செக் பட்டன் இல்லாததால புள்ளைகள் கோஸ் தலையில மைனஸ் 1 போட்ட பட்டன அமத்துதுகள். அது கோணம் தேடுற பட்டன், செக் இல்ல. 60க்கு அதை அமத்தினா எறர்தான் வரும். செக் எண்டது 1ஐ கோஸால பிரிச்சது, அதால 1ஐ கோஸ் 60ஆல பிரிங்க, 2 வரும்.

வகையீட்டில வெட்டுப்படுறது வட்டம் இல்ல, வளையி. எக்ஸ் வர்க்கத்திட வரைபில 1லயும் 3லயும் வெட்டுற கோட்டிட படித்திறன் (சாய்வு) 4. ரெண்டாவது புள்ளிய 2க்குக் கொண்டுவந்தா 3, 1.1க்கு வந்தா 2.1, 1.01க்கு 2.01. அப்பிடியே கிட்டக் கிட்டக் கொண்டுவர வெட்டுற கோடு தொடுற கோடா மாறுது, படித்திறன் 2, அதான் வகையீடு. கல்முனை பஸ்ஸில ஏறி மொத்தத் தூரத்த மொத்த நேரத்தால பிரிச்சா வாறது வெட்டுக்கோடு, காத்தான்குடி தாண்டக்குள்ள ட்ரைவருக்கு முன்னால முள்ளு காட்டுற வேகம் தொடலி.

செக்க தொகையிட்டா வாற மடக்கை (லொக்) விடை பாத்து பயப்பிடாதீங்க. மெர்கேட்டர் எண்ட படம் கீறுறவர் 1569ல போட்ட உலகப் படத்தில ஒவ்வொரு இடமும் அதுட அகலக்கோட்டிட செக் மடங்கு இழுபடும், எங்கட மட்டக்களப்பு ஏழே முக்கால் பாகைக்குக் கிட்ட, அதால 1.009 மடங்குதான், லண்டன் 1.6. கப்பல்காரருக்காக எட்வேட் ரைட் 1599ல செக்குகள ஒவ்வொண்டாக் கூட்டி, அதாவது செக்க தொகையிடுற மாதிரி, அட்டவணை போட்டாரு, மடக்கைதான் விடை எண்டு ஜேம்ஸ் கிறெகரி நிறுவினது 1668ல. அவங்களுக்கே அவ்வளவு காலம் போயிரிக்கு, உங்களுக்கு ஒரு கிழம போனா என்ன.