அடிபட்ட முட்டி, அடிபட்ட பெயர்: டிராஃப்ட் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில் டீம்கள் காலேஜ் ஆட்டக்காரர்களை ரவுண்டு ரவுண்டாக, ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பார்க்கும்போதெல்லாம் ஒரு குழப்பம். முதல் பத்துக்குள் போவான் என்று எல்லாரும் சொன்ன பையன், முட்டியில் அடி என்பதால் நாற்பதாவது இடத்துக்கு இறங்குகிறான். இன்னொருவன் 'நடத்தை சரியில்லை' என்று ஒதுக்கப்படுகிறான். இதில் எது பெரிய ரிஸ்க்?

பதில்: முதலில் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டாதீர்கள். முட்டியை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், டாக்டர் கையில் பிடித்து அசைத்துப் பார்க்கலாம், சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம். இண்டியானாபொலிஸில் டிராஃப்டுக்கு முன் வருஷாவருஷம் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் டிவிக்காரர்கள் 40 கெஜ ஓட்டத்தைத்தான் காட்டுவார்கள், ஆனால் 32 டீமுக்கும் அங்கே பெரிய வேலை மருத்துவப் பரிசோதனைதான். குணத்துக்கு அப்படி ஒரு ஸ்கேன் கிடையாது. யாரோ ஒரு காலேஜ் கோச் சொன்னது, டீமுக்காக ஆள் தேடும் ஸ்கவுட் யாரோ ஒருவர் காதில் விழுந்தது, போலீஸ் பதிவு இருந்தால் அது.

அடி விஷயத்தில் நாம் பொதுவாக எத்தனை ஆபரேஷன் என்று எண்ணுகிறோம், எது கிழிந்தது என்று கேட்பதில்லை. ஃபிராங்க் கோரை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜிலேயே இரண்டு முட்டியிலும் ஏசிஎல் (முட்டியின் நடுவில் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும்) ஜவ்வு கிழிந்தவர். 2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அவரை மூன்றாவது ரவுண்டில், 65-வது ஆளாக எடுத்தது. 16 சீசன் ஆடினார், சரியாக 16,000 கெஜம் ஓடினார், ரஷ்ஷிங்கில், அதாவது பந்தோடு ஓடிய தூரத்தில், வரலாற்றிலேயே மூன்றாவது இடம். அதே டீம் அதே ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) இடத்துக்கு 2013-ல் மார்கஸ் லாட்டிமோரை நான்காவது ரவுண்டில் எடுத்தது. அவருக்கும் 2011-ல் ஒரு முட்டி, 2012-ல் மறு முட்டி. எழுதி வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் கதையும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் லாட்டிமோரின் இரண்டாவது அடியில் மூட்டே விலகி, பல ஜவ்வுகள் ஒன்றாகப் போய்விட்டன. 2014-ல், 23 வயதில், ஒரு மேட்ச் கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது, அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்.

தனியாக ஒரு ஏசிஎல் கிழிந்தால் வேறு இடத்திலிருந்து திசு எடுத்துப் புது ஜவ்வாக வைத்துவிடுகிறார்கள், ஏறக்குறைய ஒரு வருஷத்தில் பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுகிறார்கள். நரம்பு அப்படியில்லை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், சில சமயம் முழுதாக வராமலேயே போகும். குருத்தெலும்பு இன்னும் மோசம், ரத்த ஓட்டம் இல்லாததால் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

அப்புறம் இன்னொன்று. 'திரும்பி வருவானா' என்பதும் 'எத்தனை வருஷம் தாங்குவான்' என்பதும் வேறு வேறு கேள்விகள். டாட் கர்லிக்கு 2014 நவம்பரில் ஏசிஎல் போனது. ஆனாலும் ராம்ஸ் 2015-ல் 10-வதாக எடுத்தது. அந்த வருஷமே சிறந்த புதுமுகம், 2017-ல் லீகின் சிறந்த அஃபென்ஸ் (தாக்கி ஆடும் பக்கத்து) ஆட்டக்காரர், ஆனால் முட்டி தொல்லை கொடுத்து 2020-உடன் ஆட்டம் முடிந்துவிட்டது. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முதல் ரவுண்டு ஒப்பந்தமே நான்கு வருஷம், டீம் விரும்பினால் ஐந்தாவது. அந்த நான்கு வருஷத்துக்கு முட்டி தாங்கியது. பிறகு பெரிய தொகைக்குப் புது ஒப்பந்தம் போட்டதுதான் தப்பு, அது டிராஃப்டின் தப்பு இல்லை.

கேள்வி: குணம் சரியில்லை என்று ராண்டி மாஸ் என்ற ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பவர்) பல டீம்கள் எடுக்காமல் விட்டார்கள், பிறகு வருத்தப்பட்டார்கள். அப்படியானால் திறமையை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: மாஸ் கதை உண்மைதான். 1998-ல் 20 பேருக்குப் பிறகு மினசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது, முதல் வருஷமே 17 டச்டவுன் பிடித்தார், 2018-ல் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் லாரன்ஸ் பிலிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை மறந்துவிடுகிறார்கள். நெப்ராஸ்கா காலேஜில் ஆடும்போது முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கு அவர் மேல் இருந்தது. தெரிந்தே 1996-ல் ராம்ஸ் 6-வதாக எடுத்தது, அவருக்கு இடம் வேண்டும் என்று ஏற்கனவே இருந்த ரன்னிங் பேக் ஜெரோம் பெட்டிஸை ஸ்டீலர்ஸ் டீமுக்கு அனுப்பியும் விட்டது. அடுத்த வருஷமே பிலிப்ஸை விடுவித்தார்கள். பெட்டிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

நான் கேட்கிற முதல் கேள்வி, அந்தச் செயலால் யாருக்கு வலித்தது என்பதுதான். கஞ்சா, லேட்டாக வருவது, கோச்சிடம் எதிர்த்துப் பேசுவது எல்லாம் பெரும்பாலும் அவனுடைய எதிர்காலத்தையே கெடுப்பவை, 21 வயதுப் பையன் சரியான இடத்தில் விழுந்தால் மாறுவான். டைரன் மாத்யூவை அவருடைய காலேஜான எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) டீமிலிருந்தே நீக்கியது. 2013-ல் அரிசோனா கார்டினல்ஸ் 69-வதாக எடுத்தது. அங்கே காலேஜில் கூட ஆடிய பேட்ரிக் பீட்டர்சன் இருந்தார், தோள் கொடுத்தார், ஆல்-ப்ரோ (அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) ஆகும் அளவுக்கு மாத்யூ வளர்ந்தார். லாரமி டன்சில் 2016-ல் டிராஃப்ட் தொடங்கும் நேரத்தில் வெளியான ஒரு புகைக்கும் வீடியோவால் 13-வது இடம் வரை இறங்கினார், பிறகு லீகின் நட்சத்திரங்களுக்கான ப்ரோ பவுலுக்குப் பல முறை போனார்.

ஒரு பெண்ணை அடித்தவனை 'நாலாவது ரவுண்டில் மலிவாகக் கிடைக்கிறான்' என்று பேசுவதை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. அதை விலையாக்கவே கூடாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் என் பட்டியலில் அவனுக்கு இடம் கிடையாது.

வதந்தியும் பதிவும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள். 1983-ல் டான் மரினோ மேல் ஆதாரமில்லாத பேச்சு கிளம்பியது, 27-வதாகத்தான் மயாமி டால்ஃபின்ஸ் எடுத்தது. அவரைப் போலவே பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் ஐந்து பேர் அவருக்கு முன் போய்விட்டார்கள்.

கேள்வி: ஒரு வருஷம் ஆடவே முடியாத ஆளை ஏன் இரண்டாவது ரவுண்டில் எடுக்கிறார்கள்?

பதில்: மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்று நம்பும்போது எடுக்கிறார்கள். ஜேலன் ஸ்மித்துக்கு 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பவுல் என்ற காலேஜ் மேட்சில் முட்டி போனது, நரம்பும் பாதிக்கப்பட்டது. பல டீம்கள் ஒதுங்கின. டல்லஸ் கவ்பாய்ஸ் 34-வதாக எடுத்தது, ஏனென்றால் அந்த ஆபரேஷனைச் செய்தவரே அவர்களுடைய டீம் டாக்டர். ஒரு வருஷம் உட்கார வைத்தார்கள், 2019-ல் ப்ரோ பவுல் வரை போனார், 2021-ல் விடுவித்தார்கள். இரண்டாவது ரவுண்டு விலைக்கு அது நஷ்டம் இல்லை. முதுகு ஆபரேஷனால் 2009 சீசன் முழுக்க ஆடாத ராப் கிரான்கவுஸ்கியை 42-வதாக எடுத்த பேட்ரியட்ஸுக்குக் கிடைத்ததோ பெரும் லாபம்.

கேள்வி: எங்கள் டைனஸ்டி ஃபேன்டசி லீகில் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை டீம் கட்டி, அவர்களை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் விளையாட்டு) அடிபட்ட ரூக்கியை, அதாவது புதுமுகத்தை, எடுக்கலாமா?

பதில்: இந்த வருஷமே ஜெயிக்கும் நிலையில் இருந்தால் வேண்டாம், டீமைப் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். ஆனால் ரன்னிங் பேக்கா, ரிசீவரா என்று பாருங்கள், ரன்னிங் பேக்குக்கு ஆடும் வருஷங்களே கொஞ்சம், அதில் ஒன்று போனால் பெரிய இழப்பு. உங்கள் லீகில் அடிபட்டவர்களுக்கென்று தனி இடம் எத்தனை இருக்கிறது என்று டிராஃப்டுக்கு முன்பே விதிகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.