கம்பியில் நிற்காத கறி: சிக்கன் சீக் கபாப் கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை மசாலா அளவைப் பற்றியவை. மசாலா யாருக்கும் கெடுவதில்லை; கெடுவது பிசைவதில்தான். ஆகவே பிசைவது பற்றிய கேள்வியை முன்னால் வைத்துக்கொள்கிறேன். அளவு கேட்டவர்கள் சற்றுப் பொறுக்கவும்.

பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி: அக்கா, அரைக் கிலோ கொத்துக்கறியில் சீக் கபாப் செய்தேன். கம்பியைத் தூக்கியதும் பாதிக் கறி தணலில் விழுந்துவிட்டது. இரண்டு முட்டை உடைத்து ஊற்றியும் நிற்கவில்லை.

முட்டை ஊற்றியதால்தான் நிற்கவில்லை, கண்ணு. முட்டை வெந்த பிறகுதான் இறுகும். வேகும் வரை அதுவும் தண்ணீர்தான். கறி நெகிழ்ந்திருக்கிறதே என்று அதன் தலையில் இன்னும் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள்.

கறியைக் கம்பியில் பிடித்து நிறுத்துவது கறியே. உப்புப் போட்டுப் பிசைந்தால் அதிலிருக்கும் மயோசின் என்ற புரதம் கரைந்து வந்து பசையாகும். அதனால் முதலில் கறியையும் உப்பையும் மட்டும் பாத்திரத்தில் போட்டு, உள்ளங்கையின் அடியால் அழுத்தி இழுத்து நான்கைந்து நிமிடம் பிசையுங்கள். தொடக்கத்தில் உதிரியாக, ஈரமாக இருக்கும். பிறகு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். விரலை எடுத்தால் மெல்லிய இழைகள் கூடவே எழும்பும். ஓர் உருண்டையை உள்ளங்கையில் அப்பிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் பதம் வந்துவிட்டது. மற்றப் பொருள்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பசைக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று தண்ணீர். பெரிய வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். துருவி, துணியில் கட்டி, சொட்டு நிற்கும் வரை முறுக்கிப் பிழிய வேண்டும். நம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் தண்ணீர் குறைவு. என் வீட்டில் அதைத்தான் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். அதையும் பிழியத்தான் வேண்டும். கழுவிய கொத்தமல்லியும் புதினாவும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தயிர் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று சூடு. கறி சூடேறினால் கொழுப்பு இளகிப் பசை விட்டுவிடும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் மின்விசிறி கூடச் சூடான காற்றைத்தான் வீசுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிசையுங்கள்; கோடை என்றால் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ்கட்டித் தட்டு ஒன்றை வையுங்கள். பிசைந்ததை மறுபடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கம்பியில் ஏற்றினால் நீங்கள் சொன்ன விபத்து நடக்காது.

பல்லடத்திலிருந்து ஒருவர்: எந்தப் பாகத்துக் கறி வாங்குவது? கடையில் நெஞ்சுக்கறிதான் நல்லது என்கிறார்கள்.

பிராய்லர் கோழிக்கே பேர்போன ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! தோல் நீக்கிய தொடைக்கறி வாங்குங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. நெருப்பைப் பார்த்ததும் வறண்டு தெர்மாகோல் ஆகிவிடும். அதுதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயைக் குளிரக் குளிரத் துருவிச் சேருங்கள். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

எலும்பெடுத்த தொடைக்கறியை வாங்கி வந்து, ஈரத்தைத் துடைத்து, கால் மணி நேரம் ஃப்ரீசரில் இறுக வைத்து, மிக்சியில் விட்டுவிட்டு நான்கைந்து சுற்று சுற்றினால் போதும். விழுதாகிவிடக் கூடாது. கடையிலேயே கொத்தித் தரச் சொன்னால், இயந்திரத்தை உங்கள் கண்முன் கழுவச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கொத்திய கறியை மட்டும் கழுவாதீர்கள். உறிஞ்சிய தண்ணீர் வெளியே வராது, கிருமிகள்தான் தொட்டி முழுக்கத் தெறிக்கும்.

அளவு கேட்ட அனைவருக்கும்:

அரைக் கிலோ கறிக்கு: உப்பு தட்டையாக ஒன்றேகால் தேக்கரண்டி, பிழிந்த வெங்காயம் ஒரு கைப்பிடி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் மூன்று, மல்லித்தூள், கரம் மசாலா, வறுத்துப் பொடித்த சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லி, புதினா கொஞ்சம், பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி. வடக்கே வறுத்த கடலை மாவு போடுவார்கள். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாசம் இருக்காது. எட்டுப் பத்துக் கம்பி வரும். கம்பியில் ஏற்றும் முன் சிறு உருண்டையைத் தட்டிக் கல்லில் சுட்டு உப்பு, காரம் பார்த்துவிடுங்கள். பச்சைக் கறியை வாயில் வைக்காதீர்கள்.

குமாரபாளையத்திலிருந்து ஒருவர்: பள்ளிபாளையம் சிக்கன் ருசியில் கபாப் செய்ய முடியுமா? பக்கத்து ஊர் என்பதால் கேட்கிறேன்.

முடியும், நன்றாகவே இருக்கும். பள்ளிபாளையம் சிக்கனில் பொடி மசாலாவுக்கு வேலையே இல்லை. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை அவ்வளவுதான். ஆகவே மேலே சொன்ன மல்லித்தூள், கரம் மசாலா, சீரகம், மிளகாய்த்தூள், புதினா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எட்டுப் பத்து வரமிளகாயின் விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுக் கெட்டியாக அரையுங்கள். சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துச் சேர்த்தால் இனிப்பும் வரும், தண்ணீரும் இராது. இடறுவது தேங்காய் ஒன்றுதான். சில்லாகப் போட்டால் அந்த இடத்தில் கறி விரியும். பச்சையாகத் துருவிப் போட்டால் ஈரம். சில்லுகளைத் தனியே நெய்யில் சிவக்க வறுத்துப் பரிமாறும்போது மேலே தூவுங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு தம்பி: சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் சுடலாமா அக்கா?

கூடாது. அதில் துத்தநாகப் பூச்சு இருக்கலாம். தவிர, மெல்லிய உருண்டைக் கம்பியில் கறி நிற்க, கம்பி மட்டும்தான் சுற்றும். தட்டையான எவர்சில்வர் கம்பி வாங்குங்கள். மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும்.

கோவையிலிருந்து ஒரு சகோதரி: அடுக்குமாடியில் இருக்கிறோம். கரி அடுப்புக்கு வழியில்லை. சமையலறையிலேயே சின்னதாகத் தணல் போடலாமா?

போடாதீர்கள். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஆளையே கொல்லும்.

தோசைக்கல் போதும். மூங்கில் குச்சியில் விரல் கனத்துக்குக் கறியை அழுத்தி, இரு முனைகளையும் மெலிதாக்கி ஒட்டிவிடுங்கள். கையை அவ்வப்போது நனைத்துக்கொண்டால் ஒட்டாது. கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் தடவி வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் இறுகியதும் தானாகக் கல்லை விடும். பிறகு கால் சுற்றாகத் திருப்பி, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓவன் என்றால் 220 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய கால் மணி நேரம். ஏர் ஃபிரையரில் 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பி நெய் தடவுங்கள்.

புகை வாசம் வேண்டும் என்றால் சுட்ட கபாப்களைப் பாத்திரத்தில் அடுக்கி, நடுவில் சிறு எவர்சில்வர் கிண்ணம் வைத்து, கனன்று சிவந்த தேங்காய்த் தொட்டிக்கரித் துண்டு ஒன்றை அதில் போட்டு, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு உடனே மூடுங்கள். மூன்று நிமிடம் போதும், அதிகமானால் கசக்கும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரிக்குப் பஞ்சமே இல்லை. தோட்டம், முற்றம் உள்ளவர்கள் அதிலேயே முழுதும் சுடலாம். சாம்பல் பூத்த பிறகுதான் கம்பியை வைக்க வேண்டும்.

கரூரிலிருந்து ஒருவர்: நாட்டுக்கோழியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எனக்கு மனம் வராது. நாட்டுக்கோழியின் ருசி எலும்போடு குழம்பில் கொதிக்கும்போதுதான் இறங்குகிறது. கட்டாயம் செய்வேன் என்றால் இளங்கோழியாக எடுத்து, இரண்டு முறை கொத்தி, வெண்ணெயைக் கூட்டுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு சகோதரி: உள்ளே லேசாக இளஞ்சிவப்பாக இருக்கிறது. வெந்ததா, இல்லையா?

நிறத்தை நம்ப முடியாது. புகைபட்ட கறி முழுக்க வெந்த பிறகும் சிவப்பாகவே தெரியும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்; நடுவில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான். கொத்திய கறியில் அது உள்ளேயும் கலந்துவிடுகிறது. அதனால் இதில் அரைவேக்காடு கூடவே கூடாது.

அவிநாசியிலிருந்து ஒருவர்: கடையில் கிடைக்கும் அந்தச் செக்கச்செவேல் நிறம் எப்படி வருகிறது?

பல இடங்களில் சாயத்தால். கர்நாடக அரசு கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதை 2024-இல் தடை செய்தது. வீட்டுக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி போதும். அடுப்பில் சுட்ட கறி பழுப்பாக இருப்பதுதான் இயல்பு.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு சகோதரி: ஞாயிறு விருந்துக்குச் சனிக்கிழமை இரவே பிசைந்து வைக்கலாமா? மாமியார் பப்பாளிக்காய் அரைத்துப் போடச் சொல்கிறார்.

பப்பாளி முற்றிய ஆட்டுக்கறித் துண்டுக்கு. கொத்திய கோழிக்கு அதைப் போட்டால் காலையில் கூழ்தான் இருக்கும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பச்சை இஞ்சியும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யும். ஆகவே இரவே பிசைவதானால் இஞ்சி பூண்டு விழுதை எண்ணெயில் வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். கூட்டம் பெரிதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. குச்சியில் பிடித்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, ஃப்ரீசரில் இறுகியதும் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் இருக்கும். முந்தின இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநிலை நீங்கிய பிறகு சுடுங்கள்; ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.